ஒன்பதாம் அறையின் தேதி

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா.
செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஹாஸ்டல்,
அந்தப் பக்கம் கம்பெனி.
நீலக் கலர் பஸ் விடியுமுன் நாற்பத்திரண்டு பெண்களை
மாநிலம் மாற்றும், ராத்திரி திருப்பிக் கொண்டுவரும்.
நடுவில் அந்த மூன்று மாடிக் குப்பை என்னுடையது.
பைக்கு ஆறு ரூபாய்.

எட்டியம்மாள் என்று பெயர். யாரும் கூப்பிட்டதில்லை.
ஹவுஸ்கீப்பிங் என்பார்கள், படிக்கட்டு வளைவிலிருந்து.

பாதிப் பேர் முகம் எனக்குத் தெரியாது.
தேதி தெரியும்.
நாலாம் ரூம் அமாவாசையை ஒட்டி.
பதினொன்றுக்குப் பத்து நாளும் தாண்டும்,
டாக்டரைப் பார் என்று ஒருநாள்
கதவடியில் சீட்டு எழுதித் தள்ளினேன்.
ஒன்பது மட்டும்
தெலுங்கு பேப்பரில் சுற்றி, நூல் கட்டி,
பிரசாதம் போலக் கூடையில் வைக்கும்.
எப்போதும் ராசிபலன் பக்கம்.
எழுத்து புரியாது. தேள் புரியும், நண்டு புரியும்.

எரிக்கிற மெஷின் வந்தது போன வருஷம்.
ரிப்பன் வெட்டினார்கள். ஒரு நாள் எரிந்தது.
இப்போது அதற்குள் துடைப்பம் வைக்கிறேன்.
பைகள் ஏரியோரப் பள்ளத்துக்குப் போகும்,
நாய் பிரிக்கும், ஐப்பசி மழை நிரப்பும்,
உப்புத் தண்ணீரில் ஊறி ஊதி
வெள்ளை வெள்ளையாய் மிதக்கும்.
பூநாரை பார்க்க வந்த ஒருவர் காரை நிறுத்தி
கேமராவைக் கண்ணில் வைத்தார்.
வைத்த வேகத்தில் இறக்கினார்.
நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்
ஏதோ நான் பெற்றவை போல.

தையில் ஒன்பதிலிருந்து பொட்டலம் வரவில்லை.
மாசியிலும்.
கூடையைக் கவிழ்த்தேன்: சீப்பில் வந்த முடி, ஒரு மாத்திரை அட்டை.
அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். தலைவலிக்கு.

வார்டன் மேடம் மாதம் ஒருமுறை கேட்பார்,
காபியை ஆற்றிக்கொண்டே, மழை வருமா என்பது போல:
"எல்லாருக்கும் ஒழுங்கா வருதா?"
அதற்குத்தான் பொங்கலுக்குச் சேலை.
"வருது மேடம். ஒன்பதுக்கும். நான்தான் எடுத்துப் போட்டேன்."
வராத ரத்தத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டுப்
படியிறங்கினேன். முழங்கால் ஆடியது.

மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வந்தாள் ஹைமாவதி.
அன்றுதான் முகம் பார்த்தேன்,
சூளூர்பேட்டைப் பெண், ஒரு காதில் மட்டும் கம்மல்.
"எத்தனை மாசம்" என்றுதான் கேட்டிருப்பேன்.
புரிந்ததும், வாயில் கடித்திருந்த கிளிப் விழச் சிரித்தாள்,
"அதி காது அக்கா."
சிரித்து முடித்து, முகம் மாறி,
"மீக்கு எட்லா தெலுசு?"
உங்களுக்கு எப்படித் தெரியும்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னும் இல்லை.

பிறகு காட்டினாள்.
சுருக்குப்பையிலிருந்து உள்ளங்கைக்கு:
ஊமத்தம்பூ போல, நிறமில்லாத ரப்பர், சின்னக் காம்பு.
மடித்தாள், விட்டாள், பக்கென்று விரிந்தது.
"பத்து வருஷம் வரும்."
மாசம் பதினைந்து என்று மனசு பெருக்கியது,
ஆயிரத்து எண்ணூறு பொட்டலம், ராசிபலனோடு.
பெருக்கி முடித்து இன்னொன்றையும் பெருக்கியது:
பைக்கு ஆறு ரூபாய்.
இரண்டு கணக்கும் போடுகிற மனசுதான் எனக்கு.

இப்போது ஏழு பேர். நாலைந்து பேர் துணி பேட்,
பட்டன் வைத்தது, கொடியில் துப்பட்டாவுக்கு அடியில் ஒளியும்.
துப்பட்டாவை நான் தள்ளிவிடுகிறேன், வெயில் படட்டும்.
ரூமில் கெட்டில் கூடாது. அதனால்
ரசம் இறங்கியதும் ஓர் அடுப்பு எனக்கு, தனிச் சொம்பு.
சமையல்காரர் முகம் சுளித்தார்.
"நேத்து இதே அடுப்பில் கறி கழுவாமலா வெந்தது,
அதுவும் ரத்தம்தான்" என்றேன்.
உங்களுக்கும் ஒன்று வாங்கட்டுமா என்றாள் ஹைமாவதி.
வற்றுகிற ஆற்றுக்கு எதற்கடி அணை.

பதினாறு பை பன்னிரண்டாச்சு.
கான்ட்ராக்டர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்.

நேற்று மேடம் காபி ஆற்றினார்.
"எல்லாருக்கும்...?"
"தெரியலை மேடம்."
நிஜமாகவே தெரியவில்லை.
கீழே சொம்பில் ஒன்று சத்தமில்லாமல் புரண்டுகொண்டிருந்தது.
யாருடையது என்று நான் மூடியைத் தூக்கவில்லை.